அந்தக் கேள்வியை விட்டுவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையைப் படித்து முடித்தேன். இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்ணை நாயகியாக்கியது நல்ல முடிவு. 1943 அக்டோபரில் சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் அந்தப் படையின் முகாம் திறந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். படைத்தலைவி கேப்டன் லட்சுமியை எல்லோருக்கும் தெரியும். இந்தத் தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. உன் படம் இவர்களுக்காகப் பேசட்டும்.

வசனத்தில்தான் எனக்குக் கவலை. பக்கத்துக்குப் பக்கம் வீர உரை. நம் காது அதற்குப் பழகியது. சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றி, 1959இல் பந்துலு படமாக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தைத் தலைமுறைகள் மனப்பாடம் செய்தன. சக்தி கிருஷ்ணசாமியின் அந்தத் தமிழ் இன்றும் என்னை நிமிர வைக்கும். ஆனால் வீர உரை மட்டுமே வரலாற்றுப் படமாகிவிடாது.

லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்த ‘ஐந்தாம் ஹென்றி’யைப் பார். ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகம். நேதாஜி சிங்கப்பூர் பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்ட அதே 1943இல், அயர்லாந்தில் அதன் போர்க்களக் காட்சிகள் படமாகின. படம் 1944இல் வெளிவந்தது.

அஜின்கோர்ட் போருக்கு முன் அரசன் பேசும் இடத்தைக் கவனி. குரல் உயர உயர, கேமரா பின்னால் போகிறது. நாமாக இருந்தால் குளோசப்புக்குப் பாய்ந்திருப்போம். கேமரா விலகுவதால் சுற்றி நின்று கேட்பவர்களும் சட்டகத்துக்குள் வருகிறார்கள். உரை அவர்களுடையதும் ஆகிறது. உன் கேத்தே கட்டட உரைக் காட்சியை இப்படி எடுத்துப் பார்.

அதைவிட முக்கியம் அதற்கு முந்தைய இரவு. தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் அரசன் சிப்பாய்களோடு உட்காருகிறான். இந்தப் போரில் நியாயம் இல்லையென்றால், செத்தவர்களுக்கெல்லாம் அரசனல்லவா பதில் சொல்ல வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. நாடகத்தில் வில்லியம்ஸ் என்ற சிப்பாய்க்கு உரிய அந்த வரிகளை, ஒலிவியர் மிக இளைய சிப்பாய் ஒருவனிடம் கொடுத்தார். அவன் குரலை உயர்த்தவே இல்லை. பிறகு அரசனின் தனிமொழி வருகிறது. உதடு அசையவில்லை, குரல் மட்டும் கேட்கிறது.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் மக்களுக்குத் தெம்பூட்ட எடுத்த படம் அது. அதற்காக மூன்று பிரபுக்களின் துரோகத்தையும், அரசனின் பழைய கூட்டாளி பார்டால்ஃப் தூக்கிலிடப்படுவதையும் நீக்கினார்கள். 1989இல் கென்னத் பிரானா தன் படத்தில் அவற்றைச் சேர்த்தார். ஆனால் அந்த இரவுக் கேள்வியை ஒலிவியரும் நீக்கவில்லை.

உன் திரைக்கதையில் அந்தக் கேள்வி இல்லை. அதைத் தேடி நீ பொங்கோலைத் தாண்டவே வேண்டாம். படப்பிடிப்புக்கு நீ தேர்ந்திருக்கும் அந்தக் கடற்கரையில்தான் 1942 பிப்ரவரி 28 அன்று ஜப்பானிய ராணுவம் நூற்றுக்கணக்கான சீனர்களைச் சுட்டுக் கொன்றது. இந்திய தேசிய ராணுவம் அதே ராணுவத்தின் துணையோடுதான் போருக்குப் போனது. அந்த ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மாண்டவர்களில் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர்.

நாயகியின் அண்ணன் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவன் என்று வைத்துக்கொள். முகாமில் பக்கத்தில் படுத்திருப்பவள் ஓரிரவு கேட்கட்டும்: “உங்க அண்ணனைக் கொண்டுபோனவங்களோடயா சேர்ந்து போகப் போறோம்?” நாயகிக்கு உடனே பதில் வர வேண்டியதில்லை. இதனால் படைக்கு இழுக்கு என்று சிலர் கோபிப்பார்கள். அஞ்சாதே. வெள்ளையன் ஆட்சி போக வேண்டும் என்பதும் உண்மை, உடன் நிற்பவனின் கையில் ரத்தம் இருப்பதும் உண்மை. இரண்டும் தெரிந்தே துப்பாக்கி ஏந்தினாள் என்றால்தான் அவள் துணிவின் எடை பார்ப்பவருக்குப் புரியும்.

உரைகளில் பாதியைக் குறைத்து, இந்த ஒரு காட்சியை எழுதி அனுப்பு. மற்றதைப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்