எந்தச் சலுகையை முதலில் தொடுவது?
மதுரை வட்டார முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர் பக்கம் பட்டாளத்துக்காரர் வீடு ஒன்றாவது இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பதினெட்டு வயதில் போய் பதினேழு வருடம் சர்வீஸ் முடித்து வருகிறவருக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகியிருக்கும். அவர் ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மாநில அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, மத்திய அரசு இன்னொன்று. பல இனங்களில் இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் போதும். தொகை எவ்வளவு என்பதைப் பிறகு பாருங்கள். எந்தச் சலுகையை ஒருமுறை எடுத்தால் திரும்ப எடுக்க முடியாதோ, அதில்தான் நிதானம் வேண்டும்.

அரசு வேலை

அப்படித் திரும்பக் கிடைக்காதவற்றில் முதன்மையானது வேலை ஒதுக்கீடு. டிஎன்பிஎஸ்சி விதிப்படி, ஒரு பதவிக்குத் தேர்வாகிச் சேர்ந்துவிட்டவர் அடுத்த தேர்வுக்கு முன்னாள் படைவீரர் என்ற சலுகையைக் கோர முடியாது. கைக்குக் கிடைத்த கடைநிலைப் பணியில் இப்போதைக்கு உட்காருவோம், அப்புறம் குரூப் 2 எழுதிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மத்திய அரசுப் பக்கம் கொஞ்சம் இளக்கம் உண்டு. அங்கே குரூப் சி பணிகளில் 10 சதவீதம் ஒதுக்கீடு. பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் நிலையில் 14.5 சதவீதம். முதல் வேலையில் சேருவதற்கு முன்பே வேறு பணிகளுக்கும் விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே அந்த விண்ணப்பங்களைத் தேதிவாரியாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவற்றுக்கு ஒதுக்கீட்டு உரிமை தொடரும் என்கிறது 2014ஆம் ஆண்டு உத்தரவு. எழுதிக் கொடுக்காவிட்டால் கிடையாது. ஆகவே வங்கித் தேர்வும் டிஎன்பிஎஸ்சியும் ஒரே சமயத்தில் எழுதுகிறவர், எந்த வேலையில் முதலில் சேருவது என்பதைத் தேர்வு முடிவு வரும் முன்பே முடிவு செய்துவைப்பது நல்லது.

சொந்தத் தொழில்

இங்கே ஒப்பிட வேண்டியவை இரண்டு. ஒன்று, 2024 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’. 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், வட்டியில் 3 சதவீத மானியம். இன்னொன்று, மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். அதில் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவில் வருகிறார். கிராமத்தில் தொடங்கினால் 35 சதவீத மானியம், நகரத்தில் 25 சதவீதம். கைமுதல் 5 சதவீதம் போதும். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் திட்ட மதிப்பின் உச்சவரம்பு.

இதனால் எங்கே கடை போடுகிறீர்கள் என்பதே விடையைச் சொல்லிவிடும். மதுரை மாநகருக்குள் 20 லட்சத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் என்றால் மத்தியத் திட்டத்தில் மானியம் 5 லட்சம், காக்கும் கரங்களில் 6 லட்சம். வட்டி மானியம் தனி. அதே ஒர்க்‌ஷாப்பை சேடபட்டிப் பக்கம் ஊராட்சிக்கு உட்பட்ட கிராமத்தில் போட்டால் மத்தியத் திட்டம் 7 லட்சம் தரும். ஆனால் அந்த மானியம் மூன்று வருடம் வங்கி வைப்பிலேயே கிடக்கும். தொழில் ஓடுகிறது என்று உறுதியான பிறகே கடனில் கழியும். வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கு இது கிடைக்காது. 2025-26 நிதியாண்டு வரைக்குமே ஒப்புதல் பெற்ற திட்டம் என்பதால், தொடர்கிறதா என்று கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

பிள்ளைகள் படிப்பு

இன்ஜினியரிங், மருத்துவம், பி.எட். போன்ற தொழிற்படிப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிரதமரின் கல்வி உதவித்தொகை. மாதம் பெண்ணுக்கு 3,000, பையனுக்கு 2,500 ரூபாய். நான்கு வருட இன்ஜினியரிங்கில் மகளுக்கு 1,44,000 ரூபாய் சேரும். அந்தப் படிப்பில் சேர வேண்டிய அடிப்படைத் தகுதியில் (பெரும்பாலும் பிளஸ் டூ; பி.எட். என்றால் பட்டப்படிப்பு) 60 சதவீதம் வேண்டும்; முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் வருடம் நினைவு வந்து போனால் பயனில்லை.

60க்குக் கீழே எடுத்த பிள்ளை, கலைக்கல்லூரியில் சேர்ந்த பிள்ளை, பள்ளியில் படிக்கும் பிள்ளை: இவர்களுக்கு ஹவில்தார் வரையிலான குடும்பமென்றால் பாதுகாப்பு அமைச்சரின் நலநிதி இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் வரை தலைக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆகியிருக்கிறது. மாநில அரசிடம் கல்வி உதவி வாங்கியிருந்தால் இது இல்லை. ஹவில்தாருக்கு மேல் பதவி வகித்தவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மாநிலத் தொகுப்பு நிதியைக் கேட்கலாம்.

மகள் கல்யாணமும் முதுமையும்

அதே நலநிதி மகள் திருமணத்துக்குத் தருவதும் 50,000த்திலிருந்து 1 லட்சமாகியிருக்கிறது. ஹவில்தார் வரை, இரண்டு மகள்களுக்கு. இதற்கும் அதே நிபந்தனை: வேறு இடத்தில் திருமண உதவி வாங்கியிருக்கக் கூடாது. திருமணம் முடிந்து 180 நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தை மாதம் கல்யாணம் வைத்தவர் ஆடிக்குக் காத்திருக்கக் கூடாது.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்து 65 வயதைத் தாண்டிய ஹவில்தார் வரையிலானவர்கள், அவர்களில் காலமானவர்களின் மனைவியர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாநில முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். நலநிதியின் வறுமை நிவாரணமோ மாதம் 4,000 ஆக இருந்து 8,000 ஆகியிருக்கிறது. தாலுகா ஆபீசுக்கு அலைவதற்கு முன் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

மருத்துவம்

பென்ஷன்காரருக்கு இசிஎச்எஸ் என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரலுக்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்கு அது கட்டாயம். மதுரையிலேயே பாலிகிளினிக் இருக்கிறது. மாத்திரையிலிருந்து அறுவைச் சிகிச்சை வரை அதில் அடங்கும். 70 வயதைத் தாண்டியவர்களிடம் ஆயுஷ்மான் அட்டை எடுக்கச் சொல்லி யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். இசிஎச்எஸ் உள்ளவர் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஆயுஷ்மான் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, அதுவும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். மாதாமாதம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்குகிறவருக்கு இசிஎச்எஸ்தான் லாபம். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் பில் தொகை சிக்கலாகும்.

பென்ஷன் இல்லாதவருக்குப் பொதுவாக இசிஎச்எஸ் கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்.

காகிதம்

மேலே சொன்னவற்றில் குடும்பத்துக்கான உதவி எதற்கும் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி, பிள்ளைகள் பெயர் இருக்க வேண்டும். சர்வீஸில் இருந்தபோது விடுப்பில் வந்து கல்யாணம் முடித்து, அதைப் படைப் பதிவேட்டில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். புக்கில் ‘முத்துலட்சுமி’, ஆதாரில் ‘எம். லட்சுமி’ என்றிருந்தாலும், மகன் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டாலும் மனு திரும்பி வரும். கணவர் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற திருத்தம், அவர் காலமான பிறகு மனைவியை ரெக்கார்ட் ஆபீசுக்கும் பென்ஷன் பிரிவுக்கும் மாதக்கணக்கில் அலையவைக்கும்.

அதனால் ஊர் திரும்பியதும் முதல் வேலை, சொந்த மாவட்டத்து நல அலுவலகத்தில் பதிவு. கையோடு பெயர்த் திருத்தம். படிப்பு, கல்யாண உதவிகளை அவற்றின் கெடுவுக்குள் கேளுங்கள். வேலை ஒதுக்கீட்டை மட்டும், இருபது வருடம் பார்க்கத் தயாரான வேலை வரும்வரை செலவழிக்காதீர்கள்.