ஆசிரியரின் திரை மாணவரின் மேசையில்

பால்மரம் சீவப் பழகிய நாள் நம் வாசகர்களுள் பலருக்கு நினைவிருக்கும். கைதேர்ந்த ஒருவர் மரத்தின்முன் நின்று, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் கோட்டில் கத்தியை இழுத்துக் காட்டுவார். கற்க வந்தவர் பத்துப் பேராயின், முன்னிற்கும் இருவருக்கே கத்திமுனை தெரியும். மற்றவர்கள் முன்னிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பர். பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதோ மயிரிழைக் கணக்கு. ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் காயப்படும். அன்று பாராமற் போனவர், பிறகு மரத்தைக் காயப்படுத்தித்தான் கற்றுக்கொண்டார்.

உங்கள் பிள்ளைகளின் கணினி வகுப்பிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஆசிரியர் சுட்டியை எங்கே நகர்த்தினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதைப் பின்வரிசைப் பிள்ளை காண்பதில்லை. வெண்திரையில் ஒளிபாய்ச்சிக் காட்டினாலும், பகல் வெளிச்சத்தில் எழுத்துகள் மங்கிவிடும். கண்பார்வை குறைந்த பிள்ளையோ, குறையைச் சொல்ல வெட்கப்பட்டு, தெரிந்ததுபோல் தலையாட்டிவிடும். ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்ற நாம், அத்தகைய தலையாட்டலைக் கண்டு ஏமாந்ததுண்டு.

இக்குறையை நீக்க வந்ததே திரைப் பகிர்வு. ஆசிரியரின் கணினித் திரை எப்படித் தோன்றுகிறதோ, அப்படியே ஒவ்வொரு மாணவரின் கணினியிலும் அதே வேளையில் தோன்றும். பின்வரிசை என்பதே இல்லாமற் போகிறது.

நம் நாட்டில் விவேகப் பள்ளித் திட்டம் 1999ஆம் ஆண்டில் 88 பள்ளிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய காலம் முதல், கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பாடம் நடத்தும் எண்ணம் வேரூன்றி வந்துள்ளது. ஒரு கணினியின் திரையை மற்றொன்றில் காணும் வழியை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தினர் 1990ஆம் ஆண்டுகளில் வகுத்தனர். வி.என்.சி. என்பது அதன் பெயர். அவ்வழியைத் தழுவி வகுப்பறைக்கென்றே உருவான மென்பொருள்களுள் வேயோன் என்பது ஒன்று. முன்னர் ஐடால்க் என வழங்கப்பெற்று, 2017இல் இப்பெயர் பெற்றது. இதற்கு விலை கிடையாது. எந்தப் பள்ளியும் பெற்றுப் பயன்படுத்தலாம்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? கணினித் திரை என்பது நுண்ணிய ஒளிப்புள்ளிகளின் கூட்டமே. இன்று பரவலாகக் காணும் ஒரு திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே ஒரே ஒரு முறை முழுத் திரையையும் அனுப்ப 62 இலட்சம் பைட்டுகளுக்கு மேல் செல்ல வேண்டும். நொடிக்குப் பலமுறை, முப்பது மாணவருக்கும் இவ்வாறு அனுப்பினால் எந்தக் கம்பி தாங்கும்?

இங்கேதான் ஒரு நல்ல யுக்தி கையாளப்படுகிறது. காலைப் பிரட்டில் பழகிய மண்டோர் என்ன செய்வார்? தம் ஆட்கள் எல்லாருடைய பெயரையும் கிராணியிடம் ஒப்புவிக்காமல், வராதவர் பெயரை மட்டும் சொல்வார். மற்றவை நேற்றுப் போலவே என்பது கிராணிக்குத் தெரியும். கணினியும் அவ்வாறே முதலில் ஒரு முறை முழுத் திரையையும் அனுப்பிவிட்டு, அதன்பின் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. ஆசிரியர் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்து அமரும் சில நூறு புள்ளிகளே மாறுகின்றன. பக்கத்தை மேலே நகர்த்தினாலோ, "அங்கிருப்பதை எடுத்து இங்கே வை" என்னும் சிறு கட்டளை போதும். படத்தை மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை.

ஆனால் ஆசிரியர் ஒரு காணொளியை ஓடவிட்டால் நிலைமை வேறு. அப்போது ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் ஓயாமல் மாறுகின்றன. படம் விட்டுவிட்டு ஓடும். ஒலியும் காட்சியும் ஒவ்வாமற் போகும். "கணினி பழசு" என்று பிள்ளைகள் வீட்டில் வந்து குறை கூறுவது பெரும்பாலும் இத்தகைய நாளில்தான். கணினியின் குற்றம் அதில் சிறிதே. காணொளியை முன்கூட்டியே ஒவ்வொரு கணினியிலும் பதிந்து வைத்து, அங்கங்கே ஓடவிடுவதே தக்க வழி. கம்பியில்லா இணைப்பு உள்ள அறையில் தடங்கல் மேலும் மிகும். லயத்துப் பொதுக்குழாயில் முப்பது வாளிகள் வரிசை நிற்பதைப்போல, அங்கு எல்லாக் கணினிகளும் ஒரே அலைவரிசையை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. கணினி அறைக்குக் கம்பி இழுப்பது வீண்செலவு என்று எண்ணும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

மென்பொருளில் இன்னொரு வசதியும் உண்டு. ஆசிரியர் விளக்கும்போது மாணவரின் விசைப்பலகையும் சுட்டியும் இயங்காதவாறு பூட்டிவிடலாம். கவனம் சிதறாது என்பது உண்மையே. எனினும் பாடவேளை முழுவதும் பூட்டி வைத்திருந்தால், பிள்ளை திரையைப் பார்த்ததே மிச்சமாகும். கத்தியைக் கையில் வாங்காமல் மரம் சீவக் கற்றவர் எவருமில்லை அல்லவா? ஐந்து நிமிடம் காட்டி, பூட்டை எடுத்து, பத்து நிமிடம் செய்யவிட்டு, மீண்டும் காட்டும் ஆசிரியரே நம் கருத்தில் நல்லாசிரியர்.

அதைவிடச் சிறந்தது, மாணவரின் திரையை வகுப்புக்குக் காட்டுவது. ஆசிரியர் தம் இடத்திலிருந்தே எல்லாத் திரைகளையும் சிறு படங்களாகக் காண முடியும். ஒரு பிள்ளையின் வேலை நன்றாயிருப்பின் அதை மற்றவர்க்கு எடுத்துக் காட்டலாம். எழுந்து நின்று பேச நாணும் பிள்ளைக்கு இது பேசாமல் பேசும் வாய்ப்பு. பிழையான வேலையை இவ்வாறு காட்டுவது கூடாது. காட்டியே ஆகவேண்டுமாயின், பெயரை மறைத்துக் காட்டுவதே முறை.

இதில் நாமே செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இம்முறையை விளக்கச் சென்றிருந்தோம். ஆசிரியரின் கணினியை இரவல் பெற்று, அதன் திரையை இருபது கணினிகளுக்கும் அனுப்பிவிட்டோம். பேச்சின் சுவாரசியத்தில், தேடிய கோப்பை விட்டு வேறொரு கோப்பைத் திறந்தோம். அது உதவி நிதி பெறும் மாணவர்களின் பட்டியல். மூடுவதற்குள் மூன்று நான்கு நொடிகள் ஆகியிருக்கும். அதற்குள் முன்வரிசையில் ஒரு சிறுவன் தன் பெயரைக் கண்டு தலைகுனிந்தான். அவன் தாயார் அவனருகே நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாம் மன்னிப்புக் கேட்டோம். ஆயினும் இருபது திரைகள் காட்டியதைத் திரும்பப் பெற வழியேது? அன்று முதல், முழுத் திரையைப் பகிராமல் வேண்டிய ஒரு சாளரத்தை மட்டும் பகிர்வதையும், மற்றவற்றை முன்னரே மூடிவிடுவதையும், செய்தி அறிவிப்புகளை நிறுத்தி வைப்பதையும் வழக்கமாக்கிக் கொண்டோம்.

பெற்றோர் சிலர், "பள்ளி எங்கள் வீட்டுக் கைத்தொலைபேசியையும் பார்க்குமோ?" என்று அஞ்சுகின்றனர். அவ்வாறு பார்க்க இயலாது. கண்காணிக்கும் மென்பொருள் எந்தக் கணினியில் பதியப்பட்டு, எந்த ஆசிரியருக்குத் திறவுகோல் தரப்பட்டுள்ளதோ, அதுவரை மட்டுமே அதன் அதிகாரம் செல்லும். ஆனால் பள்ளி ஒரு மடிக்கணினியைப் பிள்ளையிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், அதில் என்ன பதிந்திருக்கிறது, யார் பார்க்கலாம், பார்க்கும்போது பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டறியும் உரிமை உங்களுக்கு உண்டு.

2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில், இதே திரைப் பகிர்வு இணையத்தின் வழி வீடுகளுக்கு வந்தது நினைவிருக்கலாம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி. அலைவரிசை கிடைக்கும் இடம் தேடிப் பால்காட்டு மேட்டுக்கு ஓட்டம். ஆசிரியர் பெரிய திரைக்கென அமைத்த எழுத்துகள், உள்ளங்கையளவுத் திரையில் எறும்புச் சாரையாயின. இனி அப்படி ஒரு வகுப்பு நடந்தால், தொலைபேசியைப் படுக்கைவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியாவிடில், "பெரிதாக்குங்கள் ஐயா" என்று ஆசிரியரைக் கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் அங்கே ஒரு முறை பெரிதாக்கினால், முப்பது வீடுகளிலும் பெரிதாகும்.

தேர்ச்சி அறிக்கை வாங்கப் பள்ளிக்குச் செல்லும் நாளில், கணினி அறையையும் பார்க்க அனுமதி கேளுங்கள். கடைசி வரிசையில் உங்கள் பிள்ளையின் நாற்காலியில் அமர்ந்து, ஆசிரியரைத் தம் திரையை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடி அணிந்தவரானால் அதையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.