கோடியக்கரைப் பறவைகளும் ஒரு குறிப்பேடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

பறவைகளைப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற சனவரித் திங்களில் எங்கள் துறை கோடியக்கரைக்கு மேற்கொண்ட இரண்டு நாள் களப்பயணம் அந்த எண்ணத்தை மாற்றியது. பார்ப்பது எளிது, பார்த்ததைப் பிழையின்றி எழுதுவதே அரிது. அங்கே நான் கற்ற இப்பாடத்தை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காடும் கழியும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்திற்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் முனையே கோடியக்கரை. 1967-இல் இது வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே காடும் கழியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மணல்மேட்டில் பாலை மரங்கள் நிறைந்த, என்றும் இலையுதிராத உலர்காடு. அதன் வெளியிடங்களில் வெளிமான்கள் மேய்கின்றன. காட்டைத் தாண்டினால் சேற்றுவெளி, உப்பங்கழி, உப்பளம். காட்டு நிழலில் ஆறுமணிக்குருவியைக் கண்டோம். வடநாட்டிலும் இமயத்தின் அடிவாரத்திலும் கூடுகட்டும் பறவை அது. கழியிலே கொசு உள்ளானைக் கண்டோம். ஏறத்தாழ இருபத்தைந்து கிராம் எடையே உள்ள இச்சிறு பறவை, வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது.

அலகே அளவுகோல்

ஒரே சேற்றில் ஆயிரக்கணக்கான பறவைகள் இரை தேடுகின்றனவே, போட்டி வராதா என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்டோம். “அலகைப் பாருங்கள்” என்றார். உப்புக்கொத்தியின் அலகு குட்டையானது. அது சேற்றின் மேற்பரப்பைக் கண்ணால் கூர்ந்து நோக்கி, ஓடி, நின்று, கொத்துகிறது. கொசு உள்ளானின் அலகு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அது மேற்சேற்றைத் துழாவுகிறது. மூக்கனின் நீண்ட அலகு ஆழத்தில் உள்ள புழுவை எட்டுகிறது. கோட்டானின் வளைந்த அலகு வளைக்குள் பதுங்கிய நண்டையும் வெளியே இழுக்கிறது. பூநாரையோ தலையைக் கவிழ்த்து, அலகினுள் உள்ள சல்லடை போன்ற தகடுகளால் நீரை வடிகட்டி உண்கிறது. ஒரே பந்தியில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை!

ஆயினும் இப்பந்தி நீரின் அளவையும் உப்பையும் பொறுத்தது. நீர் ஆழமானால் குட்டைக்கால் பறவைகள் இறங்க இயலாது. வடகிழக்குப் பருவமழையின் நன்னீர் கழியில் கலக்கும்போது உப்பு குறைகிறது. நன்னீர் வரத்துக் குறைந்து உப்பு மிகுந்தால், சேற்றிலுள்ள புழுக்களில் பல மடிகின்றன. உப்பைத் தாங்கும் சில உயிர்களே எஞ்சுகின்றன. நீர் பரந்து கிடந்தாலும் பல பறவைகளுக்கு இலை காலியே.

நான் செய்த பிழை

முதல்நாள் காலை எனக்கும் என் நண்பனுக்கும் ஒரு சேற்றுத்திட்டு ஒதுக்கப்பட்டது. பெருங்கூட்டமாயின் நூறு பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்துள்ளன எனக் கண்ணால் அளந்து, அதைக்கொண்டு முழுக் கூட்டத்தையும் மதிப்பிட வேண்டும். அவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில், உள்ளான் கூட்டத்தில் ஒன்றின் அலகு நுனி கரண்டிபோல் அகன்றிருந்ததை பைனாகுலரில் கண்டேன். என் நெஞ்சு படபடத்தது. கரண்டிமூக்கு உள்ளான்! ருசியாவின் வடகிழக்குக் கோடியில் இனம் பெருக்கும் இப்பறவை, இன்று உலகில் மிக அருகிவிட்டது. 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இதனைக் கோடியக்கரையில் கண்டு பதிவு செய்துள்ளனர் என்று வகுப்பில் கேட்டிருந்தேன். உடனே குறிப்பேட்டில் பெயரை எழுதி, அடிக்கோடும் இட்டுவிட்டேன்.

எங்களுடன் வந்திருந்த முதிய வனக்காவலர் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். “அவசரப்படாதீங்க தம்பி. அது மூக்கைக் கழுவட்டும், அப்புறம் எழுதுங்க” என்றார். சிறிது நேரத்தில் அப்பறவை தேங்கிய நீரில் அலகை முக்கி உதறியது. கரண்டி கரைந்து போயிற்று! அது கொசு உள்ளானின் அலகில் அப்பியிருந்த சேறு.

வெட்கத்துடன் அப்பக்கத்தைக் கிழிக்கப் போனேன். பேராசிரியர் தடுத்தார். “கிழிக்காதே. ஒரே கோட்டால் அடித்து, ஏன் அடித்தாய் என்று பக்கத்தில் எழுது” என்றார். அவ்வாறே எழுதினேன். அன்று மாலைக்குள் என் குறிப்பேட்டில் ‘இனம் தெரியவில்லை’ என்ற சொற்கள் ஒன்பது இடங்களில் இருந்தன. காலையில் எழுதக் கூசியிருப்பேன், மாலையில் கூசவில்லை.

பிழையின் விலை

ஒரு மாணவனின் பிழையால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கலாம். பறவைகள் வாய்திறந்து முறையிடுவதில்லை. அவை குறைகின்றன என்பதை ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கைக் கொண்டே அறிகிறோம். வராத பறவையை வந்ததாக எழுதினால், “அதுதான் வருகிறதே, கழிக்கு என்ன குறை?” என்று கூற அந்த ஒரு வரியே போதும். நன்னீர் குறைந்ததும் சேற்றுவெளி சுருங்கியதும் அவ்வரியின் பின்னே மறைந்துவிடும். நம் ஆய்வுக்கூடத்தில் விடை சரியாக வரவேண்டும் என்பதற்காக அளவீட்டைத் திருத்தி எழுதுகிறோமே, அதுவும் இதே பிழைதான்.

கோடியக்கரையில் நான் அரிய பறவை எதையும் காணவில்லை. ஆனால் கண்டதை மட்டும் எழுதும் பழக்கத்தின் முதற்படியில் கால் வைத்தேன். அடுத்த குளிர்காலத்தில் துறையினர் மீண்டும் செல்லவிருக்கின்றனர். நண்பர்களே, நீங்களும் வாருங்கள். ஒரு குறிப்பேடும், அழிக்க முடியாத பேனா ஒன்றும் கொண்டுவாருங்கள்.