வானில் பாய்ந்த காவிரி



காவிரி என்றதும் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு ஒகேனக்கல்தான் நினைவுக்கு வரும். எங்கள் வகுப்புச் சுற்றுலாவில் அங்கே பரிசலில் சென்றபோது, "வானத்திலும் ஒரு காவிரி உண்டு, தெரியுமா?" என்று அறிவியல் சிஸ்டர் கேட்டார்கள். நாங்கள் விழித்தோம். அன்று சிஸ்டர் கூறியதையும் பின்னர் நாங்கள் படித்தறிந்ததையும் இங்கே தருகிறோம்.

பெயர்க் காரணம்

அந்தக் காவிரி ஒரு ஜெட் எஞ்சின். தேஜஸ் போர் விமானத்துக்காகப் பெங்களூர் கேஸ் டர்பைன் ஆராய்ச்சி நிலையம் அதனை வடிவமைத்தது. 1989-இல் அரசு அனுமதி கிடைத்தது. எஞ்சினின் நடுப்பகுதிக்குக் காவிரியின் துணை ஆறான கபினியின் பெயரைச் சூட்டினார்கள். ஜெட் எஞ்சின்களுக்கு ஆற்றின் பெயரிடுவது ஆங்கிலேய நிறுவனமான ரோல்ஸ் ராய்ஸின் வழக்கமுமாகும். பயணிகள் விமானங்களில் முதன்முதல் பணிக்கு வந்த டர்போஃபேன் எஞ்சினாகிய கான்வேயும் ஓர் ஆற்றின் பெயரைக் கொண்டதே. 1960-இல் ஏர் இந்தியா பறக்கவிட்ட போயிங் 707 விமானங்களில் அந்தக் கான்வேதான் இருந்தது.

இயங்கும் விதம்

பரிசல்காரர் துடுப்பால் தண்ணீரைப் பின்னே தள்ளுகிறார். பரிசல் முன்னே செல்கிறது. இது நாம் பாடத்தில் படிக்கும் நியூட்டனின் மூன்றாம் விதி. ஜெட் எஞ்சின் தண்ணீருக்குப் பதில் காற்றைப் பின்னே தள்ளுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 கிலோ காற்றை விநாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் தள்ளினால் உந்தம் 600. 2 கிலோ காற்றை 300 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 600. ஆனால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய இயக்க ஆற்றலோ முதலாவதில் 1,80,000 ஜூல். இரண்டாவதில் 90,000 ஜூல் மட்டுமே. ஆகவே, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம்.

இதற்காகவே டர்போஃபேன் எஞ்சினின் முன்னால் விசிறி வைத்திருக்கிறார்கள். விசிறி இழுக்கும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு உள்ளே சென்று அழுத்தப்பட்டு, எரிபொருளோடு எரிந்து, டர்பைனைச் சுழற்றுகிறது. அந்த டர்பைன்தான் முன்னாலுள்ள விசிறியையும் சுற்றுகிறது. மற்றொரு பங்கு எரியாமல் வெளிச்சுற்று வழியாகச் சென்று, பின்னால் முதல் பங்கோடு கலக்கிறது. ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே பிரிந்து விழும் ஆறு, கீழே மீண்டும் ஒன்றாவதைப் போல என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கான்வேயில் உள்ளே 100 பங்கு காற்றுச் சென்றால், வெளிவழியே சுமார் 30 பங்கு சென்றது. காவிரியில் சுமார் 16 பங்கே. போர் விமானத்தின் எஞ்சின் ஒல்லியாக இருக்க வேண்டும் அல்லவா? அதில் விசிறி 3 அடுக்கு, காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் 6 அடுக்கு. இரண்டுமாகக் காற்றை ஏறத்தாழ 21 மடங்கு அழுத்துகின்றன.

சோதனையும் வேதனையும்

1996-இல் முழு எஞ்சின் முதன்முதலாக ஓடியது. ஆனால் 1,100 கிலோவாக இருக்க வேண்டிய எடை சுமார் 1,235 கிலோ ஆகிவிட்டது. ஆஃப்டர்பர்னருடன் எதிர்பார்த்த 81 கிலோ நியூட்டன் உந்து விசையும் கிட்டவில்லை. டர்பைன் பிளேடுகளே பெரும் சிக்கல். நவீனப் போர் விமானங்களில் அவற்றைத் தாக்கும் நெருப்பு, அவை செய்யப்பட்ட உலோகத்தையே உருக்கக்கூடியது. ஆகவே பிளேடுக்குள் நுண்ணிய துளைகளிட்டு, குளிர்ந்த காற்றைச் செலுத்திக் காக்கிறார்கள். இந்த வித்தையை அறிந்த நாடுகள் சிலவே. அவை அதை எளிதில் பிறருக்குக் கற்றுத் தருவதில்லை.

தேஜஸ் 2001 ஜனவரி 4-இல் அமெரிக்க எஞ்சினுடன்தான் முதன்முதல் பறந்தது. 2008-இல் காவிரித் திட்டம் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. இத்தோடு கதை முடிந்தது என்றே நாங்கள் எண்ணினோம். முடியவில்லை! 2010 நவம்பர் 3-இல் ரஷ்யாவில், ஐ.எல்.76 என்ற பெரிய விமானத்தில் பொருத்தப்பட்டு, காவிரி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் இயங்கியது. ஆஃப்டர்பர்னர் இல்லாத அதன் வடிவத்தை ஆளில்லா விமானத்துக்காக உருவாக்கும் முயற்சியும் பின்னர் தொடர்ந்தது.

நாம் கற்பது

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்து, "இனி நமக்கு இது வராது" என்று எங்களில் சிலர் அழுதோம். காவிரியைப் பற்றிப் படித்தபின் ஒன்று புரிந்தது. 135 கிலோ கூடிவிட்டதே என்று அந்த விஞ்ஞானிகள் மறைக்கவில்லை, மனம் உடைந்து விலகவும் இல்லை. எங்கே கூடிற்று என்று தேடினார்கள். நாங்களும் அழுவதை நிறுத்தி, விடைத்தாளைப் பிரித்து, எங்கே தவறினோம் என்று தேடத் தொடங்கியிருக்கிறோம்.

பாறை குறுக்கிட்டதும் ஆறு நின்றுவிடுவதில்லை, பிரிந்தேனும் பாய்கிறது. தோழியரே, நாமும் பாய்வோமாக!