ஒரகடம் சாலைக்கு எந்த ஃபிலிம்?

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை சாலையோடு போய்க் கலர் ஃபிலிமில் படமெடுக்கப் போவதாகவும், எக்டாக்ரோம் ஸ்லைடு வாங்குவதா போர்ட்ரா நெகட்டிவ் வாங்குவதா என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தாய். 400 வேக நெகட்டிவ் வாங்கு. பயணம் முழுக்க அந்த ஒரே வகையில் எடு. பலரும் நிறம் பிடித்துப்போய் ஃபிலிம் வாங்குகிறார்கள். போகிற இடத்தின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் ஓடத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் 2010இல் வந்தது. இன்று அந்தப் பகுதியின் பொழுது ஷிஃப்ட்டின்படி நகர்கிறது. காலை ஷிஃப்ட்டுக்கு ஆட்களை ஏற்றக் கம்பெனி பஸ்கள் இருட்டோடு இருட்டாக வந்து நிற்கும். 100 வேக ஸ்லைடில் அங்கே ஷட்டரை 1/15 விநாடிக்கு இறக்க வேண்டியிருக்கும் என்றால், 400இல் அதே துளைக்கு 1/60 கிடைக்கும். கையில் பிடித்து எடுக்கிறவளுக்கு அது பெரிய வித்தியாசம். டியூப்லைட் வெளிச்சத்தின் பச்சை ஸ்லைடில் அப்படியே ஏறிவிடும். நெகட்டிவில் ஸ்கேன் செய்யும்போது பெருமளவு திருத்தலாம். சோடியம் விளக்கின் மஞ்சளை மட்டும் எந்த ஃபிலிமாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது, அதில் வேறு நிறங்கள் மிகக் குறைவு.

மதியம் வேறு மாதிரிச் சோதிக்கும். புது கார்களை ஏற்றிய டிரெய்லர் ஒன்று சாலையோரம் நிற்கிறது, அதன் நிழலில் உட்கார்ந்து டிரைவர் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள். மேலே வெள்ளைக் காரின் கூரையில் முழு வெயில். கீழே அவர் முகத்தில் நிழல். இரண்டுக்கும் நாலு ஸ்டாப் வித்தியாசம் எளிதாக வரும். ஸ்லைடு அரை ஸ்டாப் தவறினாலே கெட்டுவிடும். முகத்துக்கு அளந்தால் கார் வெளுத்துப்போகும், காருக்கு அளந்தால் முகம் கரியாகும். கலர் நெகட்டிவ் இரண்டு மூன்று ஸ்டாப் அதிக வெளிச்சத்தைத் தாங்கும். ஆகவே நிழலுக்கு அளந்து எடு. காரின் விவரம் நெகட்டிவிலேயே இருக்கும், ஸ்கேனில் மீட்டுக்கொள்ளலாம்.

புகைப்படக்காரர் ரகுபீர் சிங் கோடாக்ரோம் ஸ்லைடில்தானே எடுத்தார் என்று கேட்பாய். உண்மைதான். அம்பாசடர் காரில் நாடு சுற்றி அவர் எடுத்த படங்கள் அவர் மறைவுக்குப் பிறகு 2002இல் புத்தகமாயின. தமிழ்நாட்டைப் பற்றியும் தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். அவர் காலத்தில் அச்சுக்கு ஸ்லைடு கொடுப்பதே வழக்கம். அந்தக் கோடாக்ரோமின் உற்பத்தி 2009இல் நின்றது. கடைசியாகக் கழுவிய கான்சாஸ் லேப் 2010 டிசம்பர் 30 வரை வந்த ரோல்களோடு அந்த வேலையை முடித்துக்கொண்டது. எக்டாக்ரோம் 2018இல் திரும்பி வந்தது, நல்ல ஃபிலிம். ஆனால் அதற்கு ஈ-6 கழுவல் வேண்டும்; நெகட்டிவுக்கான சி-41 போல அது எளிதில் அமையாது. ரகுபீரிடம் படிக்க வேண்டியது, ஒரு நெரிசலை ஒரே சட்டத்துக்குள் அவர் அடுக்கும் விதம். அதற்கு எந்த ஃபிலிமும் போதும்.

உச்சி வெயிலில் 400 அதிகமில்லையா என்றால், இல்லை. மீட்டரில் 200 என்று வைத்து எடுத்தால்கூட எஃப்/8இல் 1/1000 போதும், உன் கேமராவில் அது இருந்தால் கவலையே இல்லை. நெகட்டிவிலேயே எக்டார் 100 இயந்திரங்களை அழகாகக் காட்டும், ஆனால் தோலைச் சிவக்கவைக்கும். அந்தச் சாலையில் ஆலைகளைவிட ஆட்களே முக்கியம் என்று நினைக்கிறேன். விலை கட்டுபடியாகாவிட்டால் கோல்டு 200 நெகட்டிவ் வாங்கு. விடியலையும் இரவையும் விட்டுவிட்டுப் பகலில் மட்டும் எடு.

கழுவாத ஃபிலிமை 21 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது கோடாக். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதற்கு நேர் எதிரி, தெர்மோகோல் பெட்டியில் கொண்டுபோ. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்காதே, ஒரு மணி நேரமாவது வெளியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். ஆலை வாசலில் காவலரிடம் வாதாடாதே. ஆட்களைக் கேட்டுவிட்டு எடு.

எல்லா ரோலையும் ஒரேயடியாகச் செலவழித்துவிடாமல், முதல் ரோலை உடனே கழுவக் கொடு. நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிழல் விழுந்த முகங்களைப் பார். அந்த இடம் ஒன்றுமில்லாமல் தெளிந்து கிடந்தால், அடுத்த ரோலுக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடு.