ஐந்தடிக்காரருக்கு முதல் பைக்

“டூவீலரும் லைசென்ஸும் அவசியம்.” மெடிக்கல் ரெப், மைக்ரோ ஃபைனான்ஸ் ஃபீல்டு ஆபீஸர், கடை கடையாக ஆர்டர் எடுக்கும் சேல்ஸ் வேலை, ஏ.சி. சர்வீஸ் என்று படிப்பு முடித்ததும் கைக்கு எட்டுகிற வேலைகள் பலவற்றில் விளம்பரத்தின் கடைசி வரி இதுதான். ஐந்தடியோ அதற்கு மேல் ஓரிரு அங்குலமோ இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்குவதும் இந்த வரிதான். இன்டர்வியூவைச் சமாளித்துவிடலாம், சிக்னலில் நிறுத்தினால் கால் எட்டுமா?

எட்டும். வண்டியைப் பார்த்து வாங்கினால் எட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பைக்குக்கு ஆளின் உயரம் ஒரு பொருட்டே இல்லை. சிக்னல், பார்க்கிங், யூ டர்ன், சரிவு என்று வண்டி நிற்கிற இடங்களில்தான் சிக்கல் வரும். அதனால் மைலேஜ், ஸ்பீடு எல்லாவற்றுக்கும் முன்னால், நிற்கிற வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் லைசென்ஸ். ‘எட்டு’ போட ஸ்கூட்டிதான் சுலபம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அப்படிப் போனால் கையில் வருவது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் மட்டுமே. வேலையில் சேர்ந்தபிறகு கியர் பைக் ஓட்ட வேண்டி வந்தால் மறுபடியும் அதே ஆபீஸ், அதே வரிசை. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும், எல்.எல்.ஆர். செல்லுபடியாவது ஆறு மாதம். ஆஃபர் லெட்டர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் கடைசி செமஸ்டரிலேயே போட்டுவிடுங்கள். டெஸ்ட்டை 100 சிசி கியர் வண்டியில் கொடுங்கள்.

சீட் உயரம் என்கிற கணக்கு

ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மில்லிமீட்டர். ஹோண்டா ஷைன் 100, 786. டிவிஎஸ் ரைடர் 780. பல்சர் 150, அதுவும் 785தான். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 765, அவெஞ்சர் 737. மறுபக்கம் யமஹா ஆர்15 815, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 825. சாதாரண வண்டிதானே, தாழ்வாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு: பிளாட்டினா 100 வண்டிக்கு 807, எச்எஃப் டீலக்ஸுக்கு 805. மாடல் மாறும்போது இந்த எண்களும் கொஞ்சம் மாறும் என்பதால் ஷோரூம் நோட்டீஸில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு நேராக அவெஞ்சர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். சீட் தாழ்வுதான், இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதியும். ஆனால் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கும், ஹேண்டில்பார் அகலம், வண்டியும் நீளம். சந்துக்குள் யூ டர்ன் எடுக்க ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் வெளிப்பக்கத்துக் கை நீண்டுகொண்டே போகும். குட்டையான கை உள்ளவருக்கு அந்த நேரத்தில் கிளட்ச் பிடி நழுவும். ஒரு நாளைக்கு இருபது கடை ஏறி இறங்குகிறவருக்கு இது சரிப்படாது.

கால் எட்டுவதைத் தீர்மானிப்பது சீட்டின் உயரம் மட்டும் இல்லை, அகலமும்தான். டேங்க் பக்கம் ஒடுங்கிய சீட்டாக இருந்தால் தொடைகள் நேராகக் கீழே இறங்கும். அகலமான சீட் காலை வெளியே விரித்துவிடும்; அந்த விரிப்பில் ஓர் அங்குலம் போய்விடும். ஆக்டிவாவின் சீட் ஸ்ப்ளெண்டரைவிடத் தாழ்வு. ஆனாலும் அதில் உட்கார்ந்து குதிகால் எட்டாமல் விழிப்பவர்கள் இருப்பது இதனால்தான். ஸ்கூட்டர் என்றாலே குட்டையானவர்களுக்கு வசதி என்று அண்ணனோ மாமாவோ அடித்துச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

உடல் எடையும் கணக்கில் வரும். 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஷாக் அப்சர்பர் நன்றாக அமுங்கும், சீட் இறங்கும். 45 கிலோ பெண் உட்கார்ந்தால் அந்த அளவுக்கு இறங்காது. அதாவது, ஒரே வண்டி ஒல்லியானவருக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். அதேபோல் 5 அடி 2 அங்குலம் இருக்கிற இரண்டு பேருக்குக் கால் நீளம் ஒன்றாக இருக்காது. செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேலே முட்டும்வரை தூக்கிப் பிடியுங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்தால் கிடைக்கும் எண்தான், ஆதார் அட்டைக்காரர் கேட்காத உங்கள் உண்மையான உயரம்.

இப்போது எடைக்கு வருவோம். என் கணக்கில் உயரத்தைவிட இதுதான் பெரிய விஷயம். ஸ்ப்ளெண்டரும் பல்சர் 150-ம் சீட் உயரத்தில் ஒன்று. எடையில் ஒன்று 112 கிலோ, இன்னொன்று 148. ஹன்டர் 350 சுமார் 180, மீட்டியார் 191. ஷைன் 100 வெறும் 99. வண்டி நேராக நிற்கும்வரை எந்த எடையும் தெரியாது. ஒற்றை விரலால் பிடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் சாய்ந்ததும் எடை தலைகாட்டும். கால் முழுதாகப் பதிகிறவர் தொடக்கத்திலேயே அந்தச் சாய்வைத் தடுத்துவிடுவார். நுனிக்காலில் நிற்பவருக்குப் பாதம் பதியும் முன்பே வண்டி நன்றாகச் சாய்ந்துவிடும். அந்த நிலையில் 112 கிலோவைப் பல்லைக் கடித்து நிமிர்த்திவிடலாம், 190 கிலோவை நிமிர்த்துவது நடக்காத காரியம். மீட்டியாரின் 765 உங்களுக்காகவே அளந்து செய்ததுபோல இருந்தாலும், அதை இரண்டு வருஷம் தள்ளிப்போடுங்கள்.

ஷோரூமில்

வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கும். “ஏறி உட்காருங்க சார், சூப்பரா செட் ஆகுது” என்பார் சேல்ஸ்மேன். சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியிருக்கும். அதில் உட்கார்ந்து பார்க்கும் உயரம் பொய். ஸ்டாண்டை எடுக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போடப்போகிற அதே ஷூவோடு, தோளில் மாட்டப்போகிற அதே பையோடு உட்காருங்கள். வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும், இடது காலை மட்டும் ஊன்றுங்கள். முன்பாதம் அழுத்தமாகப் பதிந்தால் போதும். இரண்டு குதிகாலும் தரையில் படவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. லேசாக இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் இன்னும் ஓர் அங்குலம் கிடைக்கும்.

பிறகு இறங்கி வண்டியைத் தள்ளிப் பாருங்கள். முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி. நீங்களே சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். கையால் தூக்கக் கூடாது; ஸ்டாண்டு மிதியின் மேல் ஏறி நின்று உடம்பு எடையைக் கொடுத்தால் வண்டி தானாகப் பின்னால் ஏறும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கிளட்சும் பிரேக்கும் விரலுக்குள் இருக்கின்றனவா பாருங்கள். கிக்கர் மட்டும் உள்ள பழைய வண்டியா? வேண்டாம், செல்ஃப் ஸ்டார்ட் இருக்கட்டும். கடைசியாக டெஸ்ட் ரைடு. ஷோரூம் டைல்ஸ் சமதளம். நம் ரோடு மழைத்தண்ணீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் நிறுத்தும்போது இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போகும். அங்கே நிறுத்திப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நூலிழையில் எட்டவில்லை என்றால் வழி இருக்கிறது. பின் ஷாக் அப்சர்பரில் ஸ்பிரிங்குக்குக் கீழே படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். அதை மெக்கானிக்கிடம் சொல்லி மிக மென்மையான நிலையில் வைத்தால் கொஞ்சம் அமுங்கும். சீட் தைக்கிற கடையில் உள்ளே இருக்கும் ஃபோமை ஓர் அங்குலம் சீவி, முன்பக்க ஓரங்களை ஒடுக்கித் தரச் சொல்லலாம். அதற்குமேல் சீவினால் மதியத்துக்குள் இடுப்பு சொல்லிவிடும். தடித்த அடி உள்ள ஷூ இன்னும் ஓர் அங்குலம். ஆனால் ஷாக் அப்சர்பரையே மாற்றி வண்டியைத் தாழ்த்துவது வேண்டாம். சைடு ஸ்டாண்டு நீளம் பொருந்தாமல் வண்டி செங்குத்தாக நின்று மறுபக்கம் விழும், வளைவில் பிடிமானம் மாறும், நம்மூர் ஸ்பீடு பிரேக்கர்கள் அடிவயிற்றைச் சுரண்டும்.

எந்த வண்டி என்று நேராகக் கேட்டால்: புதிதாக ஷைன் 100, அல்லது பழசாக நல்ல நிலையில் ஒரு ஸ்ப்ளெண்டர். நெடுஞ்சாலையில் தினம் ஓட வேண்டிய ரூட் என்றால் ரைடர் 125. முதல் பைக் ஒரு தடவையாவது கீழே விழும். அது புது பெயின்ட் இல்லாத வண்டியாக இருந்தால் மனசு தாங்கும். பழைய வண்டியில் ஆர்.சி. பெயர் மாற்றம், ஃபைனான்ஸ் முடிந்ததற்கான என்.ஓ.சி., நிலுவையில் உள்ள இ-சலான், இன்ஷூரன்ஸ் தேதி ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய புது விலையை அளவுகோலாக வைத்துப் பழைய வண்டிக்கு விலை பேசுகிறவரிடம் இதைச் சொல்லிக் காட்டலாம்.

டியூ போட்டு வாங்குவதானால் ப்ரொபேஷன் முடியும்வரை நிதானமாக இருங்கள். எச்.ஆரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது: பெட்ரோல் அலவன்ஸ் கிலோமீட்டர் கணக்கா, மாதம் ஒரே தொகையா? கிலோமீட்டர் கணக்கு என்றால் மைலேஜ் கொடுக்கிற 100 சிசி வண்டியில் மிச்சம் பிடிக்கலாம்.

வேலையில் சேரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ரூட்டை ஓட்டிப் பாருங்கள். எங்கே சிக்னல், எங்கே மேடு, எந்த இடத்தில் ரோடு ஓரம் மணல் என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்தப்போகும்போது கால் வைக்கப்போகிற இடத்தைக் கண் முன்பே தேட வேண்டும். மணலிலோ எண்ணெய்க் கறையிலோ குழியிலோ ஊன்றினால் உயரமானவர்கூடச் சரிவார். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் படுத்துவிடும். ஆமை வேகத்தில் வரும்போது பின் பிரேக், நேரான ஹேண்டில், இடது கால் என்று பழக்கிக்கொள்ளுங்கள். மேட்டில் நின்று கிளம்பும்போதும் இதே முறைதான்: வலது கால் பிரேக்கைவிட்டு எழக்கூடாது, கிளட்ச் பிடித்து இழுக்கத் தொடங்கியபிறகே விட வேண்டும்.

சாம்பிள் பையைப் பின்சீட்டில் உயரமாகக் கட்டினால் ஏறும்போது கால் அதன்மேல் தாண்ட வேண்டியிருக்கும். பக்கவாட்டில் தொங்கும் பை வாங்கிக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், தலைக்குச் சரியான அளவில். துப்பட்டாவோ சேலைத் தலைப்போ இருந்தால் செயினிலும் சக்கரத்திலும் மாட்டாமல் முடிந்துகொள்ளுங்கள்.

ஆபீஸ் பேஸ்மென்ட்டில் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி வண்டியை விட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் அதை மேட்டில் பின்னோக்கி இழுக்க நுனிக்கால் போதாது. காலையிலேயே பின்பக்கத்தை உள்ளே விட்டு, மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். கடைசியாக வந்தவர் நெருக்கி ஒட்டி வைத்திருந்தால் வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிடுங்கள். ஆறடிக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.