ஒரு பானைச் சோறு அல்ல மனிதர்

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் முன்னோர் வாக்கு. சமையலறையில் இது மெய். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. ஆகவே ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்தே பானை முழுவதும் வெந்துவிட்டதா என்று உம்மாமார் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதே முறையில் மனிதரையும் அளக்கத் தொடங்கும்போது ஆபத்து பிறக்கிறது. ஒரு கடைக்காரர் ஏமாற்றினால், “அந்த ஆக்களே அப்படித்தான்” என்கிறோம். ஒருவர் குடித்துவிட்டு வீதியில் சண்டையிட்டால் அவருடைய இனத்தையே குடிகார இனமாக்கி விடுகிறோம். பிற சமயத்தவர், பிற பண்பாட்டினர் பற்றி நாம் ஏன் இப்படி எண்ணுகிறோம்? அவ்வெண்ணம் எவ்வாறு மாறும்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சில் வார்த்த எண்ணம்

முன்னாளில் அச்சகங்களில் ஒரு பக்கத்தின் எழுத்துகளை எல்லாம் சேர்த்து ஒரே உலோகத் தகடாக வார்த்து எடுப்பார்கள். பின்னர் அந்தத் தகட்டைக் கொண்டு அதே பக்கத்தை ஆயிரக்கணக்கில் அச்சிடலாம். ஓர் எழுத்தைக்கூட மாற்றுவது கடினம். அமெரிக்கப் பத்திரிகையாளர் வோல்டர் லிப்மன் 1922 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பொதுசன அபிப்பிராயம்’ என்ற நூலில், அத்தகட்டின் பெயரையே மனிதரின் மனப்பழக்கம் ஒன்றுக்குச் சூட்டினார். ஓர் இனத்தவரைப் பற்றி மனத்தில் ஒரு படம் வார்க்கப்பட்டு விட்டால், அந்த இனத்தில் யாரைக் கண்டாலும் அதே படத்தையே நாம் காண்கிறோம். தமிழிலும் ‘அச்சில் வார்த்தாற்போல’ என்று சொல்கிறோம் அல்லவா? அதுவே இது.

‘முஸ்லிம் என்றால் வியாபாரி’ என்பது அப்படியான ஓர் அச்சு. கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவை மட்டும் பார்த்தவருக்கு அது உண்மையாகவே தோன்றும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் நெல் விளைவிக்கும் முஸ்லிம்களையும், மருதமுனையில் கைத்தறி நெய்யும் முஸ்லிம்களையும், கரையோர ஊர்களில் கடலுக்குப் போகும் முஸ்லிம்களையும் அந்த அச்சு மறைத்து விடுகிறது.

மனம் ஏன் இப்படிச் செய்கிறது?

ஒவ்வொரு நாளும் நாம் காணும் மனிதர் பலர். ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்துகொள்ள மனத்துக்கு நேரமில்லை. ஆகவே அது வகை பிரித்து வைத்துக்கொள்கிறது. வகை பிரிப்பது குற்றமன்று. அது இல்லாமல் எதையும் கற்க முடியாது. ஆனால் நம் எண்ணத்துக்கு ஒத்து வருவதை மனம் நினைவில் வைக்கிறது, ஒத்து வராததை ‘இவர் மட்டும் நல்லவர்’ என்று ஒதுக்கிவிடுகிறது. பத்து நல்லவர்களைக் கண்டாலும் அச்சு உடைவதில்லை. பத்துப் பேரும் விதிவிலக்காகி விடுகிறார்கள்.

அடுத்தது, ‘நாம்’, ‘அவர்கள்’ என்ற உணர்வு. ஹென்றி தஜ்பெல் என்ற உளவியலாளர் போலந்தில் பிறந்த யூதர். ஹிட்லரின் இனப்படுகொலையில் தம் குடும்பத்தவரை இழந்தவர். சாதாரண மனிதரிடம் இந்தப் பிரிவினை எப்படி முளைக்கிறது என்பதை அறிய, 1970 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாடசாலை மாணவரை வைத்து ஆய்வுகள் செய்தார். ஓர் ஆய்வில் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, விருப்பத்தின்படி இரு குழுவாகப் பிரிப்பதாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது எழுந்தமானமாகவே. தம் குழுவில் யார் யார் என்பதும் அம்மாணவருக்குத் தெரியாது. ஆயினும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே சார்பாக நடந்தனர். தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும், மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்றே பலர் தெரிவு செய்தனர். முகமறியாத குழுவுக்கே இவ்வளவு பற்று என்றால், மொழியும் சமயமும் உடையும் சேர்ந்த குழுவுக்கு எவ்வளவு இருக்கும்!

எண்ணத்தால் இலாபமடைவோர்

சில அச்சுகள் யாரோ ஒருவரின் நன்மைக்காகவே வார்க்கப்பட்டவை. ஆங்கிலேயர் நம் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கியபோது, கண்டிக் கிராமத்தவர் அங்கே நிரந்தரக் கூலியாட்களாக வேலை செய்ய முன்வரவில்லை. அவர்களுக்குச் சொந்த வயலும் சேனையும் இருந்தன. தோட்டக் கூலியோ அற்பம். ஆனால் தோட்டத் துரைமார் அதற்குச் சொன்ன காரணம், “சிங்களவர் சோம்பேறிகள்” என்பது. பின்னர் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட தமிழர் மலைகளில் உயிரைக் கொடுத்து உழைத்தபோது, அவர்களுக்கு வேறோர் இழிபெயர் கிடைத்தது. மலாயா, ஜாவா, பிலிப்பைன்ஸ் மக்கள் மீதும் இதே சோம்பேறிப் பட்டம் சூட்டப்பட்டதை மலேசிய அறிஞர் சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977 இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். துரைமார் போய்விட்டார்கள். அவர்கள் வார்த்த அச்சு இன்னும் நம் நாவில் இருக்கிறது.

வதந்தி மூட்டும் தீ

அச்சில் வார்த்த எண்ணம் உலர்ந்த ஓலை போன்றது. வதந்தி என்ற ஒரு தீக்குச்சி போதும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை பரவியது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில், அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. மாக்கட்டியை ஒருவர் மாத்திரை என்று நம்பியது ஏன்? ‘முஸ்லிம்கள் நம் இனத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்’ என்ற அச்சு முன்பே அவர் மனத்தில் இருந்தது.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த அப்பாவிகளின் குடும்பங்கள் பட்ட துயரம் எளிதில் ஆறக்கூடியதன்று. அதைச் செய்த ஒரு சிறு கூட்டத்தை வைத்து நாட்டிலுள்ள முஸ்லிம்கள் அனைவரும் அளக்கப்பட்டனர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஒரு சோறு பதம் பார்க்கும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நமக்கும் கண்ணாடி வேண்டும்

இதுவரை வாசித்தவர்கள், “ஆம், மற்றவர்கள் நம்மைப் பற்றி எவ்வளவு தவறாக எண்ணுகிறார்கள்!” என்று நினைக்கக்கூடும். அங்கேயே நாம் நின்றுவிடக் கூடாது. சிங்களவர் பற்றி, தமிழர் பற்றி, கிறிஸ்தவர் பற்றி நம் வீட்டு முற்றங்களிலும் கல்யாண வீடுகளிலும் பேசப்படுபவை எல்லாம் நீதியானவையா? ஏன், ஓர் ஊர் முஸ்லிம்கள் மற்ற ஊர் முஸ்லிம்களுக்குச் சூட்டும் பட்டப்பெயர்களே எத்தனை!

ஸூரத்துல் ஹுஜுராத் இந்நோய்க்கு நேரடியாக மருந்து சொல்கிறது. அதன் 6 ஆவது வசனம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கக் கட்டளையிடுகிறது. 11 ஆவது வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டும் எச்சரிக்கிறது. 12 ஆவது வசனம் வீண் சந்தேகங்களை விலக்கச் சொல்கிறது. இம்மூன்றும் விசுவாசிகளை அழைத்தே பேசுகின்றன. 13 ஆவது வசனம் மாத்திரம் மனிதர் அனைவரையும் அழைத்து, அவர்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது. இவ்வசனங்களை நாம் மேடைகளில் மற்றவருக்கு எடுத்துக் காட்டுகிறோம். அவை முதலில் பேசுவது நம்முடன்தான்.

சேர்ந்து உண்டால் போதுமா?

1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளரின் குழுவினர், பதினொரு வயதளவிலான 22 சிறுவரை ஒரு முகாமில் இரு குழுவாகத் தங்கவைத்தனர். எல்லாரும் ஒரே இனம், ஒரே சமயம். போட்டிகள் தொடங்கியதும் ஒரு குழு மற்றக் குழுவைக் கோழைகள், ஏமாற்றுக்காரர் என்றது, கொடிகளும் எரிக்கப்பட்டன. சமாதானத்துக்காக இரு குழுவையும் சேர்த்துச் சாப்பிட வைத்தார்கள். அங்கேயும் உணவை வீசிச் சண்டையிட்டார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் தடைப்பட்டு, இரு குழுவும் சேர்ந்து தேடினால்தான் சீராகும் என்ற நிலையும், அதுபோன்ற வேறு சில பொதுத் தேவைகளும் வந்த பிறகே பகை படிப்படியாகக் குறைந்தது. வெறுமனே சந்திப்பது போதாது, சம மதிப்புடன் ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும் என்று அதே ஆண்டில் கோர்டன் ஓல்போர்ட் என்ற அறிஞரும் எழுதினார்.

இது நமக்கு மிக நெருங்கிய பாடம். நம் நாட்டுப் பாடசாலைகள் பெரும்பாலும் மொழியாலும் சமயத்தாலும் பிரிந்திருக்கின்றன. நமது கல்லூரி போன்ற முஸ்லிம் மகளிர் பாடசாலைகளால்தான் எத்தனையோ பெண் பிள்ளைகள் உயர்தரம்வரை வந்தோம். அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் தரம் 1 முதல் 13 வரை ஒரு சிங்களத் தோழியோ இந்துத் தோழியோ இல்லாமல் நம்மில் பலர் வெளியேறுகிறோம். அவர்களும் அப்படியே. பின்பு பல்கலைக்கழகத்திலோ வேலைத்தலத்திலோ முதன்முறையாகச் சந்திக்கும்போது இருபக்கமும் அச்சு இறுகிப் போயிருக்கும். ஆண்டுக்கொரு நல்லிணக்க விழாவில் வட்டிலப்பமும் பாற்சோறும் பரிமாறிப் படம் எடுப்பதால் அது இளகாது.

அயல் பாடசாலை மாணவிகளோடு ஒரு தவணை முழுவதும் டெங்கு ஒழிப்பிலோ விஞ்ஞானக் கண்காட்சியிலோ சேர்ந்து உழைக்க வாய்ப்புத் தாருங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்கிறேன். சிங்களத்தைப் புள்ளிக்காக மட்டுமன்றிப் பேசுவதற்காகவும் படிப்போம் என்று சகோதரிகளை அழைக்கிறேன். பெற்றோரிடம் கேட்பது ஒன்றே. “அந்த ஆக்களே அப்படித்தான்” என்ற சொல் வீட்டில் எழும்போது, “எந்த ஆள்? அவருடைய பெயர் என்ன?” என்று பிள்ளைகள் முன்னிலையில் கேளுங்கள். பெயர் தெரிந்தால் அது ஒருவரின் குற்றம், அவரோடு முடியட்டும். பெயர் தெரியாவிட்டால் அது வெறும் ஊகம்; அதை அங்கேயே விட்டுவிடுவோம். ஒருவரையொருவர் அறிந்து வாழும் பேற்றை அல்லாஹ் நம் நாட்டு மக்கள் அனைவருக்கும் அருள்வானாக.